கடல் கற்றுத் தரும் பாடம்: நுண்ணுயிர் தனியாக வாழாது

தேவகோட்டை, கண்ணங்குடி, திருவாடானை பக்கம் புழுதி விதைப்புக்கு உழவு ஓட்டும் நாட்களில், விதை நெல்லோடு சேர்ந்து அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா பொட்டலங்களும் வீட்டுக்கு வந்துவிடும். மானியத்தில் கிடைக்கிறது, வாங்குகிறோம். விதையில் கலக்கிறோம், தூவுகிறோம். அறுவடை முடிந்து, 'பலன் தெரிந்ததா?' என்று கேட்டால் பலருடைய பதில் ஒன்றுதான்: "போட்டோம் சார், பெருசா ஒண்ணும் தெரியல."

இந்தப் பதிலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மழையை நம்பி ஆண்டுக்கு ஒரு போகம் எடுக்கும் விவசாயிக்கு உயிர் உரத்தின் மேல் ஒருமுறை நம்பிக்கை போனால், அதை மீட்க ஐந்தாறு வருடம் ஆகும். அந்த இடைவெளியில் கடைக்காரர் கொடுக்கும் புதுப் பாட்டில் உள்ளே வந்துவிடும். 'கடல்' என்ற சொல்லை லேபிளில் பெரிதாக அச்சிட்ட பாட்டில்கள் இப்போது உரக்கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கின்றன.

குறை எங்கே இருக்கிறது? தரமில்லாத பொட்டலம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், நுண்ணுயிரை நாம் யூரியா மூட்டை போல நினைப்பது. மூட்டையைப் பிரித்துக் கொட்டினால் யூரியா கரையும், வேலை செய்யும். நுண்ணுயிருக்குத் தீனி வேண்டும், ஈரம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கூட்டாளிகள் வேண்டும். இதை மிகத் தெளிவாகக் காட்டியது வயல் ஆராய்ச்சி இல்லை, கடல் ஆராய்ச்சி. அதனால்தான் நெல் விவசாயிகள் படிக்கும் இந்தப் பக்கத்தில் கடலைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

ஒரு முனைவர் பட்ட ஆய்வு

ஒரு மில்லி கடல் நீரில் ஏறக்குறைய 10 லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கும். அவற்றில் ஒன்று புரோக்ளோரோகாக்கஸ். சூரிய ஒளியில் தன் உணவைத் தானே தயாரிக்கும், உலகிலேயே மிகச் சிறிய உயிர் இதுதான். அமெரிக்க விஞ்ஞானி பென்னி சிசோமும் அவருடன் பணியாற்றியவர்களும் 1988-ல் இதைப் பற்றி முதலில் எழுதினார்கள். வெப்பக் கடல்களில் இதன் எண்ணிக்கைக்கு ஈடான பச்சை உயிர் வேறு இல்லை.

கடலில் இவ்வளவு செழிப்பாக இருக்கும் இந்த உயிரை ஆய்வகக் குழாயில் தனியாகப் பிரித்து, குறைந்த எண்ணிக்கையில் விட்டால் செத்துப் போகிறது. ஏன்? அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் எரிக் ஜின்சரிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்த ஜெஃப்ரி மாரிஸ் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். வெயில் படும் கடல் நீரில் ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகிறது. நுண்ணுயிருக்கு அது நஞ்சு. அதை முறிக்கும் கேட்டலேஸ் என்ற நொதி புரோக்ளோரோகாக்கஸிடம் இல்லை. பக்கத்தில் வாழும் மற்ற பாக்டீரியாக்களிடம் இருக்கிறது. அவை தங்களுக்காக நஞ்சை முறிக்கும்போது, சுற்றியுள்ள நீரும் சுத்தமாகிவிடுகிறது. அந்தக் கூட்டாளிகளைக் குழாயில் சேர்த்ததும் புரோக்ளோரோகாக்கஸ் நன்றாக வளர்ந்தது. இந்த முடிவுகள் 2008-லிருந்து வெளிவந்தன. 2012-ல் மாரிஸ், ரிச்சர்ட் லென்ஸ்கி, ஜின்சர் மூவரும் சேர்ந்து இதை ஒரு பொதுக் கருத்தாகவே முன்வைத்தார்கள்: எல்லோருக்கும் பயன்படும் ஒரு வேலையைக் கூட்டத்தில் சிலர் செய்தால், மற்றவர்கள் அந்தத் திறனையே காலப்போக்கில் கைவிட்டுவிடுவார்கள்.

செட்டிநாட்டுக்காரருக்கு இது புரியாத விஷயம் இல்லை. ஊருக்கு நல்ல ஊருணி இருந்தால் எல்லா வீட்டிலும் குடிநீர்க் கிணறு வெட்ட வேண்டியதில்லை. ஊருணியை நம்பிக் கிணற்றைத் தூர்த்த குடும்பம், ஊருணி இல்லாத ஊருக்குக் குடிபோனால் தவித்துப் போகும். ஆய்வகத்தில் வளர்த்துப் பொட்டலத்தில் அடைத்த நுண்ணுயிரை நம் வயலில் போடும்போது, அதை நாம் புது ஊருக்குக் குடியனுப்புகிறோம். அங்கே ஊருணி இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

தழைச்சத்து தரும் உயிருக்கும் துணை வேண்டும்

நமக்கு நேரடியாகத் தொடர்புள்ள இன்னொரு கடல் ஆய்வு தழைச்சத்தைப் பற்றியது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் பயிரால் அதை அப்படியே எடுக்க முடியாது. சில பாக்டீரியாக்களால் மட்டுமே அதைப் பயிருக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்ற முடியும். 1998-ல் அமெரிக்க விஞ்ஞானி ஜோனாதன் ஜெர், பசிபிக் கடல் நீரில் அப்படிப்பட்ட ஓர் உயிரின் மரபணுத் தடயத்தைக் கண்டார். உயிர் எது என்று தெரியவில்லை. தனியாக வளர்க்கவும் முடியவில்லை. ஒரு கடல் பாசியின் உள்ளே அது குடியிருப்பது பிறகு தெரிந்தது. அந்தப் பாசியை ஆய்வகத்தில் வளர்க்க ஜப்பானின் கியோகோ ஹகினோ பத்தாண்டுக்கு மேல் பாடுபட்டார். பாசிக்குள் இருப்பது தனி பாக்டீரியா என்ற நிலையைத் தாண்டி, பாசியின் ஓர் உறுப்பாகவே மாறிவிட்டது என்ற முடிவு 2024 ஏப்ரலில் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. அதற்கு 'நைட்ரோபிளாஸ்ட்' என்று பெயர் வைத்தார்கள்.

'நெல்லுக்குள்ளும் இப்படி ஓர் உறுப்பை வைத்துவிட்டால் யூரியாவே வேண்டாமே' என்று தோன்றும். விஞ்ஞானிகளுக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் அது நம் காலத்தில் வயலுக்கு வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். சொல்பவரையும் நம்ப வேண்டாம். நமக்கு உதவும் பாடம் வேறு. காற்றிலிருந்து தழைச்சத்து பிடிப்பது நுண்ணுயிருக்கு மிகக் கடுமையான உழைப்பு. பாசி மாவுச்சத்து கொடுப்பதால்தான் அந்த உழைப்பு நடக்கிறது. உளுந்து, கடலை வேர் முடிச்சிலும் இதே கணக்குதான்: செடி சர்க்கரை கொடுக்கிறது, ரைசோபியம் தழைச்சத்து கொடுக்கிறது. கூலி கொடுக்காமல் யாரும் வேலை செய்வதில்லை.

நம் கரையிலும் நடந்திருக்கிறது

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று ஒதுக்க வேண்டாம். அலையாத்திக் காடுகளை ஒட்டிய உவர் நீரில் போர்ட்டரேசியா என்ற ஒரு காட்டு நெல் வளர்கிறது. அதன் வேரிலும் தண்டிலும் வாழும் ஒரு பாக்டீரியாவைச் சென்னை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் பி.லோகநாதன், சுதா நாயர் இருவரும் பிரித்தெடுத்து, 2004-ல் உலகுக்கு அறிவித்தார்கள். அது தழைச்சத்தை நிலைநிறுத்தும். உப்பு இருக்கும்போதே மணிச்சத்தைக் கரைக்கும். 3 சதவீத உப்பிலும் வளரும். கடல் நீரில் உப்பு ஏறக்குறைய 3.5 சதவீதம் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இதுவரை அறியப்படாத பேரினம் என்பதால் எம்.எஸ்.சுவாமிநாதனைச் சிறப்பிக்கும் வகையில் 'சுவாமிநாதனியா சாலிடாலரன்ஸ்' என்று பெயரிட்டார்கள்.

அதே 2004-ல், பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்தின் க.கதிரேசன் உள்ளிட்ட தமிழக ஆய்வாளர்கள், அலையாத்தி மண்ணில் கிடைத்த அசட்டோபாக்டரைக் கண்டல் மர நாற்றுகளில் இட்டுச் சோதித்த முடிவை வெளியிட்டார்கள். நெல் வயலில் நாம் பயன்படுத்தும் நீலப்பச்சைப் பாசியின் கடல் இனங்களைச் சேகரித்துப் பாதுகாக்க, திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் 1991-லிருந்து ஒரு தேசிய மையம் இயங்குகிறது.

தேவகோட்டையிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் தொண்டி. அங்கே அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. ராமநாதபுரத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம். செட்டிநாட்டில் வறண்ட நில வேளாண்மை ஆராய்ச்சி நிலையம். குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம். மண்டபத்தில் கடல்பாசி ஆராய்ச்சி செய்யும் மத்திய நிறுவனம். ஒரு நாளில் சுற்றி வந்துவிடக்கூடிய தூரத்துக்குள் இத்தனை கதவுகள். நம் கண்மாய்கள் மறுகால் பாயும் ஆண்டில் உபரி நீர் ஓடிச் சேருவதும் அதே பாக் நீரிணைதான். நீர் போகிற பாதை தெளிவாக இருக்கிறது. அறிவு திரும்பி வரும் பாதைதான் தூர்ந்து கிடக்கிறது.

ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம்

கடல் நுண்ணுயிர் ஆய்வில் சேரும் ஒரு மாணவர், நான்கைந்து ஆண்டுகள் படகில் போய் நீரும் சேறும் எடுத்து, குளிர்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, நூற்றுக்கணக்கான நுண்ணுயிர்களைப் பிரித்து ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில், 'இந்த நுண்ணுயிர் உவர் நிலங்களுக்கு உயிர் உரமாகப் பயன்படக்கூடும்' என்று ஒரு வரி எழுதுகிறார். பட்டம் கிடைக்கிறது. ஏடு அலமாரிக்குப் போகிறது. அந்த வரி உண்மையா என்று தொட்டிச் செடியைத் தாண்டி யாரும் பார்ப்பதில்லை. மாணவரைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. உதவித்தொகை முடிந்துவிடுகிறது, அவருக்கு வயல் கொடுக்கவும் ஆள் இல்லை.

எல்லா ஆராய்ச்சியும் உடனே வயலுக்குப் பயன்பட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மாரிஸ் தன் ஆய்வை எந்த விவசாயிக்காகவும் செய்யவில்லை. ஒரு சின்ன உயிர் ஏன் சாகிறது என்று மட்டும்தான் கேட்டார். அதிலிருந்து நம் பொட்டலம் ஏன் பொய்க்கிறது என்பதற்கு ஒரு விளக்கம் கிடைத்திருக்கிறது. அப்படிப்பட்ட கேள்விகளுக்கு அரசு பணம் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் 'உயிர் உரம்' என்ற சொல்லை எழுதிவிட்டால் கதை வேறு. அந்தச் சொல்லை நம்பிப் பணம் போடப்போவது விவசாயி. ஆகவே அப்படி எழுதும் ஆய்வேடு, ஒரு போகமாவது ஒரு விவசாயியின் உவர் வயலில் சோதித்த முடிவோடு வர வேண்டும் என்பது என் கருத்து. கடல் உயிரியல் வழிகாட்டியோடு ஓர் உழவியல் வழிகாட்டியும் சேர்ந்தால் இது முடியும். கடலில் இருந்து வந்த உயிர் என்பதால் அது தீங்கற்றது என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. மனிதருக்கும் கால்நடைக்கும் பயிருக்கும் பாதுகாப்பானதா என்ற சோதனை முன்னதாக முடிந்திருக்க வேண்டும்.

உங்கள் வயலில் இந்தப் பருவம்

ஆராய்ச்சி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கையில் இருக்கும் அசோஸ்பைரில்லத்தையே உயிராக நடத்திப் பாருங்கள்.

முதலில், மண்வள அட்டையை எடுத்து 'அங்ககக் கரிமம்' என்ற வரியைப் பாருங்கள். 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் உங்கள் மண் பட்டினி கிடக்கிறது என்று பொருள். பட்டினி மண்ணில் எந்த நுண்ணுயிரும் தங்காது. தொழு உரம், ஆட்டுக்கிடை, தக்கைப்பூண்டு, கண்மாய் வண்டல் என எது கைக்கு எட்டுகிறதோ அதை முதலில் சேருங்கள்.

இரண்டாவது, புழுதி விதைப்பில் நேரம் முக்கியம். ஆவணி, புரட்டாசி வெயிலில் காய்ந்து கிடக்கும் புழுதியில் நுண்ணுயிரைத் தூவி, மழை பத்து நாள் தள்ளிப்போனால் அதில் பெரும்பகுதி செத்துவிடும். என் யோசனை: நல்ல மழை பெய்து மண் நனைந்து, பயிர் முளைத்த பிறகு போடுங்கள். ஏக்கருக்கு 200 கிராம் பொட்டலம் அசோஸ்பைரில்லம் 4, பாஸ்போபாக்டீரியா 4 எடுத்து, நன்றாக மக்கிய தொழு உரம் 10 கிலோ, மண் 10 கிலோவுடன் கலந்து, மாலை நேரத்தில் ஈர மண்ணில் தூவுங்கள்.

மூன்றாவது, உயிர் உரத்தை ரசாயன உரத்தோடோ பூஞ்சாணக் கொல்லியோடோ கலக்காதீர்கள். பூஞ்சாணக் கொல்லியால் விதை நேர்த்தி செய்திருந்தால் 24 மணி நேரம் கழித்தே உயிர் உர நேர்த்தி. பயறு வகை விதைக்கு ரைசோபியத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றே விதையுங்கள்.

நான்காவது, யூரியாவைத் தாராளமாகக் கொட்டிவிட்டு நுண்ணுயிரிடம் தழைச்சத்து எதிர்பார்க்காதீர்கள். மண்ணில் தழைச்சத்து தயாராகக் கிடைத்தால் அது உழைப்பை நிறுத்திவிடும். நெல்லுக்கு இடும் யூரியாவின் தழைச்சத்தில் 30 முதல் 40 சதவீதம்தான் பொதுவாகப் பயிருக்குச் சேருகிறது. மீதி காற்றிலும் நீரிலும் போகிறது. அதற்காக யூரியாவை முற்றிலும் நிறுத்தவும் வேண்டாம். எல்லாம் ஒழுங்காக அமைந்தால் தழைச்சத்தில் கால் பங்குவரை குறைக்கலாம் என்பதுதான் பொதுவான பரிந்துரை. அதற்கு மேல் யாராவது உறுதி கொடுத்தால் சந்தேகப்படுங்கள்.

ஐந்தாவது, சோதிக்காமல் நம்பாதீர்கள். ஒரே வயலைச் சரிபாதியாகப் பிரியுங்கள். ஒரு பாதிக்கு உயிர் உரம் போடுங்கள், மறு பாதிக்கு வேண்டாம். விதை, நீர், களையெடுப்பு எல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும். அறுவடையைத் தனித்தனியாக எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். மூன்று பருவம் எழுதினால் உங்கள் மண்ணுக்கு அது பலிக்கிறதா என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.

'கடல்' பாட்டில் வாங்கும் முன்

கடைக்குப் போகும் முன் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். கடல்பாசிச் சாறு வேறு, கடல் நுண்ணுயிர் வேறு. பாசிச் சாறு என்பது பாசியைப் பிழிந்து எடுப்பது; வளர்ச்சி ஊக்கிகளும் சாம்பல் சத்தும் அதில் உண்டு, ஆனால் அது உயிருள்ள உரம் ஆகாது. 2021-லிருந்து அது உரக் கட்டுப்பாட்டு ஆணையில் 'உயிர் ஊக்கி' என்ற தனிப் பிரிவில் வருகிறது. நுண்ணுயிர் உரத்துக்கு வேறு அளவுகோல்: தூள் வடிவில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 5 கோடி, திரவ வடிவில் ஒரு மில்லிக்குக் குறைந்தது 10 கோடி உயிருள்ள நுண்ணுயிர்கள் இருக்க வேண்டும்.

எனவே கடையில் நான்கு கேள்விகள் கேளுங்கள். உள்ளே இருக்கும் நுண்ணுயிரின் பெயர் என்ன? எண்ணிக்கை எவ்வளவு என்று அச்சிட்டிருக்கிறதா? தயாரித்த நாள், காலாவதி நாள் எங்கே? எந்த மண்ணில், எந்தப் பயிரில் சோதித்தார்கள்? நான்காவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் பாட்டிலைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

களப் பணியாளர்களுக்கு

உதவி வேளாண்மை அலுவலர்களின் சிரமம் எனக்குத் தெரியும். இத்தனை பொட்டலம் விநியோகம் என்று இலக்கு வரும். அதை முடித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் தகரக் கூரைக்கு அடியில் கோடை முழுதும் அடுக்கி வைத்த பொட்டலத்தில் உயிர் எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களும் யோசித்திருப்பீர்கள். விநியோகித்த எண்ணிக்கையோடு, வயலில் பலன் கண்ட எண்ணிக்கையையும் கணக்கில் எடுக்கும் நாள் வர வேண்டும். அதுவரை ஒரு வேலை உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் வட்டாரத்தில் உவர் வயல் வைத்திருக்கும், சோதனைக்கு அரை ஏக்கர் விடத் தயாராக இருக்கும் விவசாயிகளின் பட்டியல் ஒன்று தயார் செய்யுங்கள். அதைத் தொண்டிக்கும் ராமநாதபுரத்துக்கும் குன்றக்குடிக்கும் அனுப்புங்கள். 'வயல் கொடுக்க ஆள் இல்லை' என்ற காரணம் முதலில் ஒழியட்டும்.

விவசாயிகளும் நிலத்தைக் கொடுப்பதோடு நின்றுவிடாமல், 'முடிவைத் தமிழில் எழுதி எங்கள் ஊர்க் கூட்டத்தில் சொல்லிவிட்டுப் போங்கள்' என்று கேட்க வேண்டும். பலிக்கவில்லை என்ற முடிவானாலும் சொல்லச் சொல்லுங்கள். பலிக்காதது எது என்று தெரிந்தால், அடுத்த ஆண்டு அதற்குச் செலவழிக்கும் பணம் மிச்சமாகும்.

உவர் நிலத்துக்கு ஏற்ற நுண்ணுயிர் நம் கரையிலேயே இருக்கிறது என்று கண்டுபிடித்து இருபது ஆண்டுகள் தாண்டிவிட்டன. அதை நம் மண்ணில், நம் தொழு உரத்தோடு, நம் மழைக் கணக்கில் வைத்துச் சோதிப்பதுதான் பாக்கி. வடகிழக்குப் பருவமழைக்கு முன் வட்டார வேளாண் விரிவாக்க மையத்துக்குப் போகும்போது, பொட்டலம் கேட்பதோடு இதையும் கேட்டுவிட்டு வாருங்கள்.

(கட்டுரையாளர்: வேளாண் விஞ்ஞானி, தேவகோட்டை)